தலை கட் ஆனாலும் பரவாயில்லை!

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கல்யாணமோ, காதுகுத்தோ, முக்கொம்புக்குப் போன பிக்னிக்கோ, எந்தப் படமானாலும் இன்ஸ்பெக்‌ஷன் வந்த வகுப்பு மாதிரி எல்லோரும் விறைத்துப்போய் நிற்பார்கள். கறுப்பு அட்டை, மூலைக்கு மூலை முக்கோண ஒட்டு, நடுவில் சிலந்திவலை டிசைன் போட்ட பட்டர் பேப்பர். முதல்முறை பார்ப்பவர்கள், குடும்பத்தில் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் கேமராதான். 1979-ல் வாங்கிய ஆக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலுக்கு 12 படம். கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். மேலே திருகைத் திருகினால் அடுத்த எண் மெதுவாக நகர்ந்து அந்த ஜன்னலில் வந்து நிற்கும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் பெரும்பாலும். தீபாவளிக்குப் போட்ட ரோல் சித்திரைத் திருவிழா வரைக்கும் வர வேண்டும். கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு படம். ரோல் வாங்கவும் காசு, கழுவவும் காசு, பிரின்ட் போடவும் காசு. இப்படியிருக்க, யாராவது கண்ணைச் சிமிட்டினால் அப்பாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

“அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. சின்னவன் கையை இறக்கு.” சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் முதல் விதி. அவருடைய முதுகுக்குப் பின்னால். அதாவது, எங்கள் முகத்துக்கு நேராக. ஆல்பத்தில் நாங்கள் ஏன் அப்படி முறைக்கிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்த ஆல்பத்தில் அப்பத்தா இல்லை. அப்பாவின் அம்மா. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை நம்பியவர். கேமராவைப் பார்த்தாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். 1984-ல் அவர் இறந்தபோது, அந்தக் காலத்து வழக்கப்படி நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, ஸ்டூடியோக்காரரை அழைத்து ஒரு படம் எடுத்தார்கள். தாடையைக் கட்டிய துணி கூடத் தெரியும். கூடத்தில் வெகுநாள் அதுதான் மாட்டியிருந்தது. நாங்கள் குழந்தைகள் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே கூடத்தைத் தாண்டுவோம்.

பல வருடம் கழித்து, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. மேலே அவருடைய கையெழுத்தில் ‘வேஸ்ட்’ என்று எழுதியிருந்தது. கழுவி வந்த ரோல்களில் சரியாக வராத பிரின்ட்டுகள். இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது, ஆடியது, பாதி வெளுத்தது. அதில் ஒன்று, அப்பா திருகைத் திருகிக்கொண்டிருந்தபோது கைதவறி விழுந்த கிளிக். தரை சாய்ந்திருக்கிறது. முக்கால்வாசிப் படம் திண்ணைத் தூணும் வெற்று நிழலும்தான். இடது ஓரத்தில், படம் வெட்டுப்படுகிற இடத்தில், ஒரு கிழவி காலை நீட்டிக்கொண்டு உரலில் வெற்றிலை இடிக்கிறார். பாம்படம் ஆடிய ஆட்டத்தில் காது மட்டும் கலங்கியிருக்கிறது. யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.

உயிரோடு இருக்கிற அப்பத்தாவின் ஒரே படம் அதுதான்.

இப்போது பெரியதாக பிரின்ட் போட்டு வைத்திருக்கிறோம். நாற்காலிப் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தாயிற்று.

இந்த ‘கைக்கு வந்தபடி எடுக்கிற’ படங்களுக்கு ஆங்கிலத்தில் ஸ்னாப்ஷாட் என்று பேர். முதலில் அது வேட்டைக்காரர்களின் சொல். குறி பார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவதுதான் ஸ்னாப்ஷாட். கேமராவுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது 1860 வாக்கில். ஆனால், அப்போது அப்படி யாராலும் எடுக்க முடியவில்லை. கண்ணாடித் தகடு, ரசாயனம், முக்காலி என்று ஒரு வண்டிச் சாமான் வேண்டும். கேமரா சாதாரண மனிதன் கைக்கு வந்தது 1888-ல்தான். ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொண்டுவந்த முதல் கோடாக் கேமராவில் 100 படத்துக்கான ஃபிலிமை உள்ளேயே போட்டு விற்றார்கள். எடுத்து முடித்தால் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புது ரோல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது. மேலே கோடு போட்டிருக்கும். அதைப் பார்த்து, குத்துமதிப்பாகத் திருப்பி அமுக்க வேண்டியதுதான். படமும் வட்டமாக வரும், தோசை மாதிரி.

அதுவும் 25 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை. 1900-ல் பிரௌனி என்ற அட்டைப்பெட்டி கேமரா ஒரே டாலருக்கு வந்தது. குழந்தைகளுக்கென்றே விளம்பரம் செய்தார்கள். முதல் வருடத்திலேயே லட்சத்துக்கும் மேல் விற்றது. உலகம் முழுக்க நாய்க்குட்டியும் தாத்தாவும் மிதிவண்டியும் படத்துக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்துப் பையன்களில் ஒருவர் பிரான்ஸின் ஜாக் ஆன்ரி லார்டீக். 1894-ல் பிறந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. ஏழெட்டு வயதிலேயே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன் செய்த விளையாட்டு விமானம், படியிலிருந்து குதிக்கிற சொந்தக்காரப் பெண் என்று வீட்டு விளையாட்டையெல்லாம் எடுத்துத் தள்ளினார். யாருக்கும் காட்ட அல்ல, ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளத்தான். அவர் எடுத்த கார் பந்தயப் படம் ஒன்று உண்டு. கார் பாதி வெட்டுப்பட்டிருக்கும். சக்கரம் முட்டை மாதிரி நீண்டு முன்னால் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு சின்னப் பிளவாகப் படத்தின் குறுக்கே ஓடும். அது ஓடி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. இவரும் காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிவிட்டார். போட்டோ வகுப்பில் கொடுத்தால் பூஜ்யம் வாங்கும் படம். ஆனால், வேகம் என்றால் என்ன என்று காட்ட இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். 1963-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது லார்டீக்குக்கு வயது 69.

எல்லோரும் லார்டீக் ஆகலாம் என்று சொல்ல வரவில்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. தொழிலாகச் செய்கிறவர்களின் திறமையைக் குறைத்துப் பேசவும் இல்லை. இருட்டு மண்டபத்தில், ஹோமப் புகைக்கு நடுவே, தாலி ஏறும் ஒரே விநாடியைப் பிடிக்கிற கல்யாண போட்டோகிராபரைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால், இன்றைக்கு அதே கல்யாணங்களில் ‘கேண்டிட்’ என்று தனியாக ஒரு பேக்கேஜ். தெரியாமல் எடுத்த மாதிரி இருக்க வேண்டுமாம். “மேடம், என்னைப் பார்க்காதீங்க... இயல்பா சிரிங்க... இன்னும் கொஞ்சம் இயல்பா!” இயல்பாகச் சிரிப்பதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வாய் வலி வந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த போட்டோ சந்தோஷம் வேறு மாதிரி. காலை நடைக்குப் போகும்போது, நிறுத்தியிருக்கிற டூவீலர் சீட்டில் தூங்கும் பூனைகளை எடுப்பேன். வேறு எதற்குமில்லை, சும்மாதான். எங்கள் தெருவில் ஆரம்பித்து உறையூர் வரைக்கும் 140 பூனைகள் சேர்ந்துவிட்டன. பாதிப் பூனைகள் கிளிக் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிற வால்தான். எந்த வண்டிக்கு எந்தப் பூனை என்பதுகூட எனக்கு இப்போது மனப்பாடம். ஒரு கறுப்புப் பூனை புல்லட்டைத் தவிர வேறு எதிலும் உட்காராது. சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆன்லைனில் போட்டோகிராபி கோர்ஸ் படிக்கிறான். என் பூனைகளைப் பார்த்துவிட்டு, “சித்தி, ஃப்ரேமை மூணா பிரிக்கணும். பூனையை நடுவுல வைக்கக் கூடாது” என்றான். அவன் சொன்னது சரியான விதிதான். பூனையிடம் சொல்லி, கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. படம் எடுத்துக்கொண்டே இருந்தால் பார்த்தது மனதில் நிற்காது என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர், மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குள் அனுப்பிச் சோதித்தார். சில பொருட்களை வெறுமனே பார்க்க வேண்டும், சிலவற்றைப் படம் எடுக்க வேண்டும். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு சும்மா இருந்துவிடுகிறது போல. ஆனால், ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. ஆசைப்பட்டு உற்றுப் பார்த்து எடுப்பதும், கடமைக்குச் சுட்டுத் தள்ளுவதும் ஒன்றல்ல என்று நான் புரிந்துகொண்டேன். கோயில் பிராகாரம் முழுக்க ஃபோனை உயர்த்திப் பிடித்தபடியே நடந்து, சிற்பத்தை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல் வெளியே வருகிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சியை அச்சடித்துக் கொடுக்கலாம்.

2014-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி எனக்கு இதைவிடப் பிடித்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த டிங் ஜாங்கும் உடன் பணியாற்றியவர்களும், மாணவர்களிடம் சமீபத்தில் யாரோடு என்ன பேசினீர்கள், என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்கிற மாதிரி அற்ப விஷயங்களை எழுதி வாங்கி வைத்தார்கள். “மூணு மாசம் கழிச்சு இதைப் படிக்க எவ்வளவு ஆவலா இருக்கும்?” என்றும் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது, மாணவர்கள் தாங்கள் நினைத்ததைவிட மிக ஆவலாகப் படித்தார்கள். சாதாரண நாள் பின்னால் எவ்வளவு இனிக்கும் என்பதை அன்றைக்கே யாராலும் சரியாக மதிப்பிட முடிவதில்லை. மூன்று மாதத்துக்கே இப்படி என்றால் முப்பது வருடத்துக்கு?

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. 2017-ல் தம்பி பெங்களூரிலிருந்து ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கி அனுப்பினான். அதை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துத்தான் படம் எடுப்பார். ஐந்து படத்துக்கு ஒன்றில் அவருடைய கட்டைவிரல் இருக்கும். ஆட்களை எடுத்தால் தலை இருக்காது. தலை இருந்தால் ஆடியிருக்கும். கொதிக்கிற ரசம், கொடியில் காயும் புடவை, ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் மிதந்து போகிற காதோலை கருகமணி, குழம்பு தாளித்த புகையில் மறைந்த அடுப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் தெளிவு உண்டு. அம்மா மண்டபத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் ஃபோனைத் திருப்பவே மாட்டார். துக்க வீட்டுக்குப் போனால் ஃபோன் பைக்குள்ளேயே இருக்கும். “நமக்கு ஆசைன்னா அடுத்தவங்க சங்கடப்படணுமா?” என்பார். நம்மில் சிலருக்கு இன்னும் வராத தெளிவு அது.

அவர் அதிகம் எடுத்தது அப்பாவைத்தான். வாழ்நாள் முழுக்க எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த மனிதர் முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் மாட்டினார். அதுவும் எந்த விதியையும் மதிக்காத ஒரு போட்டோகிராபரிடம். “வெளிச்சத்துக்கு எதிரா நிக்கிற, படம் கறுப்பா வரும்” என்று அப்பா பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அமுக்கிவிடுவார்.

2019-ல் அப்பா போய்விட்டார். மாலை போடப் படம் தேடியபோதுதான் தெரிந்தது, கேமரா வைத்திருந்த வீட்டில் கேமராக்காரரின் படம்தான் இல்லை. பென்ஷன் காகிதத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். கழுத்துப் பட்டன் வரை போட்டு, யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்கிறார். சீரியல் பல்பு வெளிச்சத்தில் அது அப்பா மாதிரியே இருக்காது.

போன வருடம் அம்மாவின் ஃபோனில் இடம் நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப் நின்றது. என் மகன் உட்கார்ந்து பார்த்தான். 6,000 படத்துக்கு மேல். “அம்மாச்சி, பாதிக்கு மேல வேஸ்ட். நானே டெலிட் பண்ணிடறேன்” என்றான். அம்மா, “சரி கண்ணா, ஆனா என்கிட்ட காட்டிட்டு அழி” என்றார்.

முதலில் வந்தது வெறும் தரை.

“இதுல என்ன இருக்கு அம்மாச்சி?”

“தரைதான். ஓரத்துல பாரு, தாத்தா செருப்பு. எப்பவும் வாசலைப் பாத்துத் திருப்பித்தான் விடுவாரு. திரும்பக் கிளம்பறப்ப லேசா இருக்கும்னு.”

தரை தப்பித்தது. அடுத்தது முழுக்கக் கலங்கிய ஒரு கை. “எடுக்காதேன்னு கையை ஆட்டினாரு. ஷேவ் பண்ணலையாம்.” அதற்கடுத்தது பாதித் தட்டும் ஒரு முழங்காலும். “அன்னிக்குத்தான் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. உப்பில்லாத சாம்பாரைத் தின்னுட்டு என்னைத் திட்டிக்கிட்டிருக்காரு.” அரை மணி நேரத்தில் மகன் அழித்தது மொத்தம் ஏழு படம். அத்தனையும் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ.

பிறகு ஒன்று வந்தது. அதுவும் கலங்கிய கூடம்தான். அவன் விரல் டெலிட்டுக்குப் போவதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது. அம்மா போட்டோ என்று நினைத்து வீடியோவை அமுக்கியிருக்கிறார். ஒன்பது விநாடி. காட்சியில் ஜன்னல் கம்பியும் காலண்டரும்தான்.

“எடுத்தாச்சா?” அப்பாவின் குரல்.

“இருங்க, அமுக்கிட்டேன். ஒண்ணும் ஆகலையே...”

“பட்டனை மெதுவா அமுக்கணும். உலுக்கக் கூடாது. எத்தனை தரம் சொல்றது?”

“நீங்க அசையாம நில்லுங்க.”

அவ்வளவுதான். கடைசியில் அப்பா சிரிக்கிற சத்தம் பாதியில் நிற்கிறது. எங்களிடம் இருக்கிற அவருடைய குரல் அந்த ஒன்பது விநாடிதான். கூடத்தில் யாரும் பேசவில்லை. “இன்னொரு தரம் போடு” என்றார் அம்மா. மகன் போட்டான். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று வாங்கிவந்தான். எல்லாவற்றையும் அதில் ஏற்றி, இன்னொரு காப்பியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்று எனக்கும் பாடம் எடுத்தான். அசப்பில் தாத்தா குரல்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு படம். நன்றாக இருக்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. தம்பி தன் ஆபீஸ் டிஃபன் பாக்ஸை அனுப்புவான். அவன் மனைவி சிக்னலில் நிற்கிறபோது தெரிகிற ஆட்டோவின் முதுகை. கோர்ஸ் படிக்கிற பையன் மட்டும் மூன்று வாரம் தடுமாறினான். சூரிய அஸ்தமனத்தை அனுப்பி அனுப்பித் தகுதி இழந்தான். நான்காவது வாரம் தன் ஹாஸ்டல் அறையின் கட்டில் அடியை அனுப்பினான். அதில் ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது. அவன் அம்மா அதற்கு மட்டும் பன்னிரண்டு ஹார்ட் போட்டிருந்தார்.

போன வாரம் அம்மா ஒரு சீலிங் ஃபேனை அனுப்பியிருந்தார். இறக்கைகூடத் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். மூலையில் கட்டைவிரல்.

“என்னம்மா இது?” என்று கேட்டேன்.

“மத்தியானத்துலேர்ந்து கரண்ட் இல்ல. இப்பத்தான் வந்துச்சு” என்றார்.